வடக்கு ரூமின் குளிர்

காரை விட்டு இறங்கும்போதே அவருக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது.

மார்கழி மாதம். மணி ஐந்தரை இருக்கும். தென்னை மட்டைகளுக்கு நடுவே வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் அரைக்கைச் சட்டையோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் போர்வையைத் தேடுகிற நேரமில்லை அது. என் வீட்டுக்காரர் மட்டும் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலைக்குக் குல்லா, காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் என்று காசிக்குக் கிளம்பியவர் மாதிரி இறங்கினார்.

கையைப் பிடித்து வடக்கு ரூமுக்கு நடத்திக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று போர்வை போர்த்தினேன். அப்படியும் கட்டில் ஆடியது. போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டால், தண்ணீர்த் தொட்டியின் அடியில் கிடந்த கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

தேய்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மணி, ஒண்ணு சொல்றேன். அழுகாமக் கேளு."

"சொல்லுங்க மாமா."

"ஊசியப் பொறுத்துக்கறேன். நாலு மணி நேரம் மல்லாக்கக் கெடக்கறதையும் பொறுத்துக்கறேன். தண்ணிய டம்ளர்ல அளந்து குடுக்கறயே, அதையுங்கூடப் பொறுத்துக்கறேன். வந்து படுத்தப் பொறவு நடுங்கறேம்பாரு, இது என்னால ஆகல. போதும். நிறுத்திக்கலாம்."

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். நிறுத்தினால் எத்தனை நாள் என்று நான் டாக்டரிடம் கேட்டதில்லை. கேட்காமலே தெரிகிற விஷயம் அது.

நான் அழவில்லை. அழுகிற தெம்பும் அன்றைக்கு இல்லை. "பொங்கல் நோம்பி வரைக்கும் வாங்க மாமா. அதுக்குள்ள இந்த ரூம நான் காய வெச்சுத் தாரேன். முடியலீனா உங்க இஷ்டம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பல் மட்டும் பேசியது.

"செரி. நோம்பி வரைக்கும் வாரேன்."

பொங்கலுக்கு இருபது நாள் இருந்தது.

கோயம்புத்தூரில் என்ன குளிர்?

அவருடைய நடுக்கத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் இரண்டு வரி எழுதியிருந்ததற்கு, குன்னூர்க்கார வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "உங்கள் ஊரில் குளிர் என்று சொன்னால் எங்கள் ஊர்த் தேயிலைச் செடிகூடச் சிரிக்கும் அம்மா" என்று. இந்த வாக்கியத்தை நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மற்றவர்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கித்தான் எழுதவே கற்றுக்கொண்டேன்.

அவர் சொல்வது சரிதான். எங்கள் ஊர் சோமனூருக்குத் தெற்கே, தறிச் சத்தம் கேட்டும் கேட்காத தூரத்தில் இருக்கிறது. மார்கழியில் காலையில் வாயிலிருந்து கொஞ்சம் ஆவி வரும். அவ்வளவுதான். ஆனால் குளிர் ஊரில் மட்டும் இருப்பதில்லை. ரத்தம் குறைந்த உடம்புக்குள் இருக்கிற குளிருக்குத் தேதியும் கிடையாது, ஊரும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா சிஸ்டர் என்று ஒரு பெண். மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒன்றைத் தன் கையால் செய்து மெஷினுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"அந்த மெஷின்ல சூட்டைக் கூட்டி வெக்க முடியாதுங்களா சிஸ்டர்?"

"கூட்டலாங்கம்மா. கூட்டினா அய்யாவுக்குப் பிரஷர் இறங்கிடுது. போன மாசம் ஒருவாட்டி மயங்கினாரே, நினைவில்லயா? டாக்டர் சொன்ன அளவுக்கு மேல நான் தொட முடியாது. ஊட்டுல ரூமைச் சூடா வெச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "ஹாட் வாட்டர் பை மட்டும் கால்ல வெச்சுராதீங்க. அவருக்குக் கால் மரத்திருக்குது. தோல் வெந்தாக்கூடத் தெரியாது."

காற்றுக்காகக் கட்டிய ரூம்

அந்த வடக்கு ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோழிப்பண்ணையில் நாலு காசு வந்த காலத்தில் அவரே நின்று கட்டியது. மூன்று ஜன்னல். இரண்டு வடக்கே, ஒன்று மேற்கே. சாதாரண வீட்டைவிட இரண்டடி உயரமான கூரை. தரைக்கு வழவழவென்று டைல்ஸ். "பாலக்காட்டுக் கணவாய்ல பொறப்படற காத்து நேரா என்ற கட்டிலுக்கு வரோணும்" என்று கொத்தனாரிடம் சொன்னார். வந்தது. சித்திரை வெயிலில் சொந்தக்காரர்கள் எல்லாம் சாப்பாடு முடிந்ததும் தலையணையைத் தூக்கிக்கொண்டு அந்த ரூமுக்குத்தான் வருவார்கள். அவருடைய அக்கா ஒருமுறை வெறுந்தரையில் படுத்துக்கொண்டு, "தம்பி, உன்னையச் சொத்து எழுதச் சொன்னா இந்தக் காத்தை எனக்கு எழுதிப்போடு" என்றார்.

அந்தக் காற்றுதான் இப்போது எதிரி. டைல்ஸ் இப்போது பனிக்கட்டி. ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கில் வந்து கழுத்தைத் தேடும். வேறு ரூமுக்கு மாற்றலாம் என்றால், இருப்பது சமையலறையை ஒட்டிய சாமான் ரூம் ஒன்று. சின்னது. சீக்கிரம் சூடாகும். கேட்டுப் பார்த்தேன்.

"தீவன மூட்டை போட்ட ரூம்ல என்னையும் போடறயா? மூட்டையாவது வித்துப் போகும்" என்றார்.



ஊட்டிக்குப் போறீங்களாக்கா?

அவர் மெஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரம் எனக்கு வெளியே வேலையில்லை. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து தூங்கி விழுவேன். அந்த வெள்ளிக்கிழமை தூங்காமல் ஆட்டோ பிடித்து ஆர்.எஸ்.புரம் போனேன்.

நகைக்கடைகளையும் பட்டுக்கடைகளையும் தாண்டி ஒரு மின்சாதனக் கடை. ஹீட்டர் என்றதும் விற்பனையில் இருந்த பையன், பையன் என்ன, நாற்பது வயது இருக்கும், தண்ணீர் காய வைக்கும் கீசரைக் காட்டினார்.

"ரூம் ஹீட்டருங்க."

"ஊட்டிக்குப் போறீங்களாக்கா?"

"இல்லீங்க. சோமனூருக்கு."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. காரணத்தைச் சொன்னதும் அந்த மனுஷர் முகம் மாறிவிட்டது. மேலே பரணில் ஏறி, தூசி படிந்த இரண்டு பெட்டியை இறக்கினார்.

ஒன்று, ஃபேன் மாதிரி சூடான காற்றை ஊதுகிற ஹீட்டர். விலை குறைவு. இன்னொன்று உள்ளே எண்ணெய் அடைத்த ஹீட்டர். பார்க்க மடித்து வைத்த ஜமுக்காளம் மாதிரி இரும்பில் அடுக்கடுக்காக இருக்கும். மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். சத்தம் கிடையாது. அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் ஊதுகிற ஹீட்டரைப் பார்த்தேன். யார்தான் பார்க்க மாட்டார்கள்? அந்த மாதத்து மருந்து இன்னும் வாங்கவில்லை.

"புடிக்கலைன்னா திருப்பிக் கொண்டாங்கக்கா. நாங் கேக்க மாட்டேன்" என்று தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே போட்டோம். பத்து நிமிஷத்தில் ரூம் வெதுவெதுப்பானது. நான் உள்ளுக்குள் பொங்கல் வைத்துவிட்டேன். இருபதாவது நிமிஷம் அவர் நாக்கால் உதட்டைத் தடவினார்.

"அம்மணி, தண்ணி."

டயாலிசிஸ்காரருக்குத் தண்ணீர் என்பது மருந்தைவிடக் கறாரான கணக்கு. குடிப்பது வெளியே போகாது. உடம்பிலேயே தங்கி நெஞ்சில் ஏறும். அந்த ஹீட்டரோ ரூமில் இருந்த ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு, அவர் வாயையும் வறட்டியாக்கிவிட்டது. ஒரு வாய் கொடுத்தேன். மறுபடி கேட்டார். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். மறுபடி கேட்டார்.

"குளுருல நடுங்குனா நடுக்கம் மட்டுந்தா. இது ஆசையக் கெளப்பி உட்டுப்போட்டு வேடிக்கை பாக்குது. அணை அதை" என்றார்.

அணைத்தேன். மறு செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் சொன்னபடி ஒன்றும் கேட்கவில்லை.

கட்டிலில் படுத்திருக்கிற பயிர்

எங்கள் பண்ணை நடந்த காலமெல்லாம் கூடவே வேலை பார்த்தவள் மயிலாத்தா. பண்ணையை மூடிய பிறகும் தினம் ஒரு நடை வந்து போவாள். அவளிடம் யோசனை கேட்டால் பத்து யோசனை சொல்வாள். அதில் ஒன்பது ஜெயிலுக்குப் போகிற வழியாக இருக்கும்.

"ஏனுங்க்கா, பெரிய ஹீட்டரே வாங்குங்க. கரண்டுக்கு எதுக்குப் பயப்படறீங்க? மோட்டார் ரூம்லருந்து ஒரு ஒயரை இழுத்துட்டாப் போச்சு. தோட்டத்து சர்வீசு இலவசம்தானுங்க."

கட்டிலிலிருந்து அவர் பதில் சொன்னார்.

"ஏ மயிலாத்தா, லைன்மேன் வந்து, இந்தக் கரண்டு எந்தப் பயிருக்குப் போகுதுன்னு கேப்பான். கட்டில்ல படுத்திருக்குதுன்னு காட்டுவயா?"

"காட்டறனுங்க மாமா. பயிரு வாடிக் கெடக்குது, நீயே பாருன்னு சொல்லுவேன்."

மூன்று பேரும் சிரித்தோம். அந்த மார்கழியில் அவர் சிரித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான். ஒயர் மட்டும் இழுக்கவில்லை.

குஞ்சு படுக்கிற விதம்

இந்த இடத்தில் கோழிக்குஞ்சைப் பற்றிச் சொல்லாவிட்டால், நான் அடுத்துச் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

பதினெட்டு வருஷம் பண்ணை நடத்தினோம். கம்பெனிக்காரர்கள் ஒருநாள் வயசுக் குஞ்சைப் பெட்டி பெட்டியாக இறக்குவார்கள். முதல் பத்து நாளைக்கு அதுகளுக்குத் தாய்க்கோழியின் சூடு வேண்டும். அதை நாங்கள் கொடுக்க வேண்டும். கோழிகள் இருக்கும் செட்டின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டி, பல்பு போடுவோம். கரண்டு போகிற காலங்களில் மண்சட்டியில் தேங்காய்த் தொட்டி என்கிற கொட்டாங்குச்சியின் கரியை மூட்டி, கங்கு சிவந்து புகை அடங்கியதும் உள்ளே வைப்போம்.

சூடு சரியா என்று பார்க்க எங்களிடம் தெர்மாமீட்டர் இருந்தது. அவர் அதைப் பார்த்ததே இல்லை. வாசலில் நின்று குஞ்சுகளைப் பார்ப்பார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குமிந்து கிடந்தால் குளிர். ஓரமாக ஓடி வாயைப் பிளந்து நின்றால் சூடு அதிகம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காலை நீட்டிப் பரவிப் படுத்திருந்தால் சரியான சூடு. "அழகாப் படுத்திருக்குது. வா, சோறு திங்கலாம்" என்பார்.

பதினெட்டு வருஷம் பார்த்த கண் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்க்கும்.

நான் செய்த காரியம்

பொங்கலுக்குப் பத்து நாள்கூட இல்லை. வெள்ளிக்கிழமை. திரும்பி வந்ததும் வழக்கம்போல நடுக்கம்.

கொல்லையில் பழைய மண்சட்டி கிடந்தது. தொட்டிக் கரியும் ஒரு சாக்கு இருந்தது. செலவில்லாத சூடு. எத்தனை ஆயிரம் குஞ்சை வளர்த்த சூடு! இது எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வெளியிலேயே மூட்டி, புகை முழுக்க அடங்கும்வரை விசிறினேன். புகைதான் கெடுதல், கங்கில் ஒன்றுமில்லை என்பது என் நினைப்பு. சட்டியைக் கட்டிலுக்கு நாலடி தள்ளி வைத்தேன். மூன்று ஜன்னலுக்கும் பழைய படுதாவை மடித்துக் கட்டினேன். கதவிடுக்கில் கோணிப்பையைத் திணித்தேன். ஒரு பொட்டுக் காற்று வராது.

அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முட்டியை நெஞ்சுக்கு இழுத்துச் சுருண்டு கிடந்தவர், கொஞ்சம் கொஞ்சமாக இளகினார். நடுக்கம் நின்றது. ஒரு கால் நீண்டது. பிறகு இன்னொரு கால். கை போர்வைக்கு வெளியே வந்து விரிந்தது.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் பிடிக்க வாசல் குழாய்க்குப் போனேன். எனக்கும் தலை லேசாகக் கனத்தது. அலைச்சல்தானே என்று விட்டுவிட்டேன். குடம் நிறைகிற நேரத்துக்கு மயிலாத்தா வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக வெளியே வந்தாள்.

"மாமன் எத்தனை அழகாப் படுத்திருக்கறாருங்க்கா!"

குடம் கையை விட்டு நழுவியது.

பண்ணை இருந்த காலத்தில், ஒரு ஐப்பசி மழையில், சாரல் அடிக்கிறதென்று செட்டின் படுதாவை மேலே ஒரு முழம்கூட விடாமல் முழுக்க இழுத்துக் கட்டியிருந்தோம். உள்ளே மூன்று சட்டி கரி. காலையில் கதவைத் திறந்தால் அத்தனை குஞ்சும் பரவிப் படுத்திருந்தது. ஒன்றுகூடக் குமியவில்லை. காலை நீட்டி, இறக்கையை விரித்து. "என்ன புள்ள, இத்தனை அழகாப் படுத்திருக்குது" என்றபடி அவர் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். அப்புறம் இன்னொன்றை எடுத்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எப்படி உள்ளே ஓடினேன் என்று தெரியாது. படுதாவைப் பிய்த்தோம். மெத்தையோடு அவரை இழுத்து வாசலுக்குக் கொண்டு வந்தோம். நான் தலைப்பக்கம், மயிலாத்தா கால்பக்கம். முகத்தில் அடித்தேன். "மாமா, மாமா" என்று கத்தினேன். என்னென்ன வைதேன் என்று மயிலாத்தாவுக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு முனகல் வந்தது. பிறகு வாந்தி எடுத்தார். அந்த வாந்தியைக் கையில் ஏந்திக்கொண்டு நான் கும்பிட்டேன்.

வழக்கமாக வரும் காருக்கே போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்தார்கள்.

குளிரே தெரியல

காலையில் ஸ்டெல்லா சிஸ்டர் வார்டுக்கே தேடி வந்துவிட்டார். அத்தனை சாதுவான பெண் அப்படிக் கத்துவார் என்று நான் நினைக்கவில்லை.

"கரி மூட்டி ஜன்னலைச் சாத்தினீங்களா? புகை இல்லைன்னா விஷம் இல்லைன்னு யாருங்கம்மா சொன்னாங்க? அதுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. இன்னொரு கால் மணி நேரம் போயிருந்தா நான் யாருக்கு மெஷின் போடறது?"

நான் தலையைக் குனிந்து நின்றேன். இதை இங்கே எழுதுவதற்கும் அதுதான் காரணம். மூடிய ரூமில் கரி வைக்காதீர்கள். கங்கு எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் வைக்காதீர்கள். விஷம் புகையில் மட்டும் இல்லை, புகை போன பிறகும் அந்தக் கங்கில் இருக்கிறது.

சிஸ்டர் போன பிறகு அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மூக்கில் குழாய். குரல் உள்ளேயிருந்து வந்தது.

"அழுகாதே புள்ள. உம்மேல தப்பில்ல."

"கொன்னுபோட்டிருப்பனே மாமா."

"அட. நெசமாச் சொல்றேன், குளிரே தெரியல. வலியும் இல்ல. அப்பிடியே உட்டிருந்தீனா நெம்ப நல்லாப் போயிருக்கும். எழுப்பிப்போட்டயே."

விளையாட்டாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.  இரண்டு வருஷம். இட்லி ஊற்றி, மாத்திரை எடுத்து, கார் வரச் சொல்லி, காத்திருந்து, கூட்டி வந்து, கால் தேய்த்து. இந்த மனுஷர் போதும் என்கிறார். யாருக்காக நான் இழுத்துப் பிடிக்கிறேன்? அவருக்காகவா, எனக்காகவா? உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். நல்ல தூக்கம். எழுந்தபோது அதற்கும் வெட்கமாக இருந்தது.

பாதி ரூம்

வீடு திரும்பினோம். சாமான் ரூமைப் பற்றி இன்னொரு தடவை பேச்செடுத்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வடக்கு ரூம் வாசலில் நின்று மயிலாத்தா சொன்னாள்: "இத்தனை பெரிய ரூமக் காய வெச்சா எங்கீங்க்கா காயும்? குஞ்சு எறக்குனா முழுச் செட்டையுமா காய வெப்போம்? நடுவால படுதாவைத் தொங்க உட்டு, கால்வாசியத்தானுங்க காய வெப்போம்."

பதினெட்டு வருஷம் என் கையால் தொங்கவிட்ட படுதா. எனக்கு அது தோன்றவில்லை. கரி மட்டும் தோன்றியிருக்கிறது.

அன்றைக்கே ஆரம்பித்தோம். கட்டிலை வடக்குச் சுவரிலிருந்து இழுத்து மேற்குச் சுவரோடு போட்டோம். அந்தச் சுவரில் மத்தியானம் முழுக்க வெயில் விழும். சாயங்காலம் கையை வைத்தால் சுவரே காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருக்கும். ரூமின் குறுக்கே கம்பி கட்டி, துவைத்துக் காய வைத்த படுதாவைத் தொங்கவிட்டோம். சூடு உயரமான கூரைக்கு ஏறிப் போய்விடாமல், கட்டிலுக்கு மேலே அவருடைய பழைய நாலுமுழ வேட்டி இரண்டை விரித்துக் கட்டினோம். டைல்ஸ் மேல் சணல் சாக்கு, அதன் மேல் ஜமுக்காளம். மேற்கு ஜன்னலை மட்டும் ஒரு விரல் அகலம் திறந்து வைத்தோம். அதற்குச் சிஸ்டர் ஆஸ்பத்திரியிலேயே சத்தியம் வாங்கியிருந்தார்.

அவர் எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன, கல்யாணத்துக்குப் பந்தலா, காரியத்துக்குப் பந்தலா?"

"ரெண்டுக்கும் ஆகும் மாமா. சும்மா இருங்க" என்றாள் மயிலாத்தா.

பந்தல் ஆயிற்று. சூடு வேண்டுமே. ஆர்.எஸ்.புரம் கடைக்காரர் எழுதிக் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன். அந்த எண்ணெய் ஹீட்டர் பழையதாக எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கோத்தகிரியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கக் கீழே வந்துவிட்ட ஒரு பெரியவர் இருப்பதாகச் சொன்னார். கடைக்காரரே அவரிடம் விசாரித்து, பாதி விலைக்கும் குறைவாக முடித்து, ஒயரை மாற்றி, எங்கள் வீட்டு வாசலுக்கே வண்டியில் கொண்டு வந்து கொடுத்தார். "மீட்டர் ஓடுமேன்னு நெனைக்காதீங்கக்கா. முழு ரூமுக்குன்னா ஓடும். நீங்க சொல்ற பாதி ரூமுக்குச் சின்ன அளவுல வெச்சாப் போதும்" என்றார்.

அந்த மனுஷர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைய அலுப்பு அப்படி.

செவ்வாய்க்கிழமை

பொங்கலுக்கு முந்தின செவ்வாய். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே மயிலாத்தாவுக்குப் போன் போட்டேன். அவள் நாலரைக்கே ஹீட்டரைப் போட்டுவிட்டாள். துணி எதுவும் அதன் பக்கத்தில் வராமல் நாலு செங்கலை எல்லையாக வைத்திருந்தாள்.

படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். சத்தமில்லை. காற்று இல்லை. உள்ளே மதியத் தூக்கத்து வெதுவெதுப்பு. அவர் படுத்தார். நடுக்கம் வழக்கமான நேரத்துக்கு வந்தது. முதலில் தாடை, அப்புறம் தோள். நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். வாயைப் பார்த்தேன். தண்ணீர் கேட்கவில்லை. இந்தத் தடவை அவர் படுத்திருக்கிற விதத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் "மாமா" என்று கூப்பிட்டேன். அவர் "ம்" என்றார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

நாற்பது நிமிஷம் போயிருக்கும்.

"ஏம் புள்ள."

"என்னங்க மாமா?"

"மொதல்ல இந்த மாமா மாமாங்கறதை நிறுத்து. ரெண்டாவது, அதைச் சித்தக் கொறச்சு வை. வேகுது."

மேல் போர்வையைக் காலால் தள்ளினார். நான் போய் ஹீட்டரின் திருகைக் குறைத்துவிட்டு, படுதாவுக்கு அந்தப் பக்கம், குளிர்ந்த பாதி ரூமில் போய் நின்றேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மயிலாத்தா பார்த்தாள். பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. புதன் போனது. வியாழன் பொங்கல். வெல்லமும் வாழைப்பழமும் கரும்பும் அவருக்கு ஆகாது. வெண்பொங்கல் இரண்டு வாய் கொடுத்தேன். வாசலுக்கு வந்து பானை பொங்குவதைப் பார்த்தார். மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். நோம்பி வந்துவிட்டது. வாக்கு முடிந்துவிட்டது. கார்க்காரரை நாளைக்கு வரச் சொல்லலாமா வேண்டாமா என்று போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

சாயங்காலம் கட்டிலுக்குக் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற இடுப்பு. கட்டில் காலில் தலையைச் சாய்த்தது தெரியும். அப்படியே கண் அசந்துவிட்டேன்.

தோளில் அவர் விரல் பட்டது.

"அம்மணி, நாளைக்கு வெள்ளியல்ல?"

"ஆமாங்."

"அந்த அரைக்கைச் சட்டை காஞ்சிருச்சா?"

ஊசி போடக் கை திறந்திருக்க வேண்டும் என்பதற்காக, ஆஸ்பத்திரிக்கு மட்டும் போடுகிற சட்டை அது.

"காஞ்சிருச்சுங்க மாமா" என்றேன்.

சட்டை செவ்வாயிலிருந்து பக்கெட்டிலேயே ஊறிக்கொண்டிருந்தது. கையை ஊன்றி எழுந்து, அலசப் போனேன்.